பழைய இம்பாலாவின் பவர்கிளைடு கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரித்துச் சீரமைக்கும் முறை

சென்னையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அறுபதுகளின் அமெரிக்கக் கார்களில், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுடன் வந்திறங்கிய பல வண்டிகள் அந்தப் பெட்டியை எப்போதோ இழந்துவிட்டன. பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் எஞ்சின் பொருத்தியபோது கியர் பாக்ஸும் சேர்ந்து போனது ஒரு வகை. "ஆட்டோமேட்டிக்கை இங்கே யாரும் தொட மாட்டார்கள், வேன் கியர் பாக்ஸை மாட்டிவிடலாம்" என்ற பேச்சைக் கேட்டு, ஒரு ரப்பர் சீல் கிழிந்ததற்காக முழுப் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போட்டது இன்னொரு வகை. இந்த இரண்டாவது இழப்பு தேவையே இல்லாதது என்பதால்தான் இதை எழுதுகிறேன். செவர்லே இம்பாலாவில் வந்த பவர்கிளைடு பெட்டி, உலகில் இதுவரை செய்யப்பட்ட ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களிலேயே மிக எளியவற்றுள் ஒன்று. பொறுமையும் சுத்தமும் அளவு பார்க்கும் பழக்கமும் உள்ள எவரும், ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ தம் வீட்டுக் கார் ஷெட்டிலேயே அதைப் பிரித்துப் புதுப்பித்துவிட முடியும்.

இங்கே சொல்லப்படுவது 1962 முதல் 1973 வரை வந்த அலுமினியக் கூடு கொண்ட பவர்கிளைடுக்கு உரியது. 1950-இல் அறிமுகமான வார்ப்பிரும்புப் பெட்டி உள்ளமைப்பில் வேறுபட்டது. 1969 முதல் வந்த மூன்று வேக டர்போ ஹைட்ராமேட்டிக் 350 முற்றிலும் வேறு பெட்டி. வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டான ஆயில் பேனின் போல்ட்டுகளை எண்ணிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்: பவர்கிளைடுக்கு 14, டர்போ 350-க்கு 13.

உள்ளே நடப்பது என்ன

பவர்கிளைடில் முன்னோக்கி இரண்டு வேகங்களும் ஒரு ரிவர்ஸும் மட்டுமே உண்டு. எஞ்சினின் சுழற்சி டார்க் கன்வெர்ட்டர் வழியாக எண்ணெயின் மூலம் உள் ஷாஃப்டுக்கு வருகிறது. அங்கிருந்து, நடுக் கியரைச் சுற்றிச் சிறு கியர்கள் ஓடும் ஒரே ஒரு பிளானட்டரி கியர் தொகுதி வேலையை எடுத்துக்கொள்கிறது. கிளட்ச் டிரம்மைச் சுற்றியிருக்கும் பட்டையான பேண்ட் அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தும்போது வண்டி லோ வேகத்தில் போகிறது, எஞ்சின் 1.82 சுற்று சுற்றினால் வெளி ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும், சில வி-8 வண்டிகளில் இது 1.76. பேண்ட் விட்டுவிட்டு, டிரம்முக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் சேர்ந்தால் முழுத் தொகுதியும் ஒன்றாகச் சுழன்று ஹை வேகம் கிடைக்கிறது. பின்பக்கக் கிளட்ச் பிளேட்டுகள் வெளி வளையக் கியரைக் கூட்டோடு பிடித்து நிறுத்தினால் ரிவர்ஸ். இந்த மூன்றில் எதுவும் பிடிக்காதபோது நியூட்ரல்.

ஆக, பிடிக்கும் உறுப்புகள் மூன்றே: பேண்ட், முன் கிளட்ச், ரிவர்ஸ் கிளட்ச். இவற்றை இயக்குவது முன்பக்கப் பம்ப் உண்டாக்கும் எண்ணெய் அழுத்தம். எப்போது எதற்கு அழுத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்வது வால்வு பாடி. அந்த முடிவுக்கான செய்திகளைத் தருவன வண்டியின் வேகத்தை உணரும் கவர்னரும், ஆக்சிலேட்டரின் அமுக்கமும் எஞ்சினின் சுமையை உணரும் வாக்யூம் மாடுலேட்டரும்தான். இந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால் பெட்டியைப் பற்றிய அச்சத்தில் பாதி அங்கேயே நீங்கிவிடும்.

திறப்பதற்கு முன் பழுதைக் கண்டறிதல்

பெட்டியை இறக்குவதற்கு முன் செய்யும் சோதனைகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது நல்லது. ரிவர்ஸ் சரியாக இருந்து, முன்னோக்கிப் புறப்படும்போது மட்டும் எஞ்சின் கத்தி வண்டி நகரவில்லை என்றால் பழுது பேண்டிலோ, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தள்ளும் பிஸ்டனான சர்வோவிலோ இருக்கிறது. புறப்பாடு சரியாக இருந்து, ஹைக்கு மாறும் கணத்தில் எஞ்சின் சுற்று எகிறினால் முன் கிளட்ச் பிளேட்டுகளோ அதன் பிஸ்டன் சீல்களோ தேய்ந்திருக்கின்றன. ரிவர்ஸ் மட்டும் இல்லையென்றால் பின் கிளட்ச். எந்த நிலையிலும் வண்டி நகரவில்லையென்றால், முதலில் எண்ணெயின் அளவையும், பிறகு பேனுக்குள் இருக்கும் சல்லடையையும், கடைசியாகப் பம்பையும் கன்வெர்ட்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டியை இறக்காமலேயே தீரக்கூடிய பழுதுகள் இரண்டு இருக்கின்றன. சைலன்சரில் வெண்புகை வந்து, கியர் எண்ணெயும் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் குறைந்துகொண்டே போனால், வாக்யூம் மாடுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு கிழிந்து, எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிக்கிறது என்று பொருள். மாடுலேட்டரின் ரப்பர் குழாயைக் கழற்றி முனையில் சிவப்பு எண்ணெய் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். கியர் மிகத் தாமதமாகவும் உதைப்புடனும் மாறுகிறது என்றால் அதே குழாய் வெடித்திருக்கலாம். கடற்கரைக் காற்றில் ரப்பர் விரைவில் வெடிப்பதால் திருவொற்றியூர், காசிமேடு பக்கத்து வண்டிகளில் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, பேண்டின் இறுக்கம். கூட்டின் இடப்பக்கத்தில், கூட்டோடு சேர்ந்த கியர் லீவருக்கு மேலே இருக்கும் திருகை வைத்து அதை வெளியிலிருந்தே சரிசெய்யலாம். அந்த முறையைப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றால் தீரவில்லையென்றால் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு வரை காட்டும் அழுத்தமானி ஒன்றை லோ சர்வோவின் சோதனைத் துளையில் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு நிலையிலும் காட்டும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுக்குரிய செவர்லே சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுகளோடு ஒப்பிட வேண்டும். அந்த மேனுவல் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இடம், காலம், கருவிகள்

1965 இம்பாலாவின் நீளம் 5.4 மீட்டர். வடசென்னை வீடுகளில் அந்த வண்டியை நிறுத்திய பின் மிஞ்சும் இடம் குறைவு என்பதால், வண்டிக்கு ஓர் இடமும், பிரிக்கும் மேசைக்கு வேறோர் அறையும் இருப்பது நல்லது. பிரிக்கும் அறைக்குக் கதவு சாத்தும் வசதி வேண்டும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் சாம்பலும் படிகிற திறந்த திண்ணையில் வால்வு பாடியைப் பரப்பி வைப்பது வேலையை நாமே கெடுத்துக்கொள்வதாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைத் தொடங்கவே வேண்டாம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் காலத்தில், சக்கரம் கழன்று ஸ்டாண்டின் மேல் நிற்கும் வண்டியை எங்கும் நகர்த்த முடியாது. தை பிறந்த பிறகு தொடங்கிச் சித்திரைக்குள் முடிப்பதே இந்தப் பகுதிக்குப் பொருத்தமான காலம்.

கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சுத்தம் செய்து எண்ணெய் நீக்கிய எஃகு பாகம் ஓர் இரவில் துருவின் முதல் சிவப்பைக் காட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கழுவி உலர்த்திய உடனே ஆட்டோமேட்டிக் பெட்டிக்குரிய எண்ணெய் தடவி, ஜிப் வைத்த பாலித்தீன் பைக்குள் பெயர் எழுதி வைத்துவிட வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

கருவிகளில் அடிப்படையானது அங்குல ஸ்பேனர் செட். 7/16, 1/2, 9/16 அங்குலம் ஆகியவையே அதிகம் வேண்டியிருக்கும். 1955 முதல் புல்லட் தயாரான திருவொற்றியூரில், பழைய மெக்கானிக்குகளிடம் அங்குல ஸ்பேனர்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் பிரிட்டிஷ் விட்வொர்த் அளவுகள். அதில் 1/4 என்று பொறித்திருப்பது போல்ட்டின் தண்டின் அளவைக் குறிப்பது, தலையின் அளவை அன்று. அமெரிக்கப் போல்ட்டுகளில் அவற்றைப் போட்டால் தலை மழுங்கிவிடும். பாரிமுனையின் லிங்கிச் செட்டித் தெருக் கடைகளில் தலையின் அகலத்தை அளவாகக் கொண்ட செட் கேட்டு வாங்க வேண்டும். இவற்றோடு, போல்ட்டை எவ்வளவு வலுவில் இறுக்குகிறோம் என்பதை அங்குல-பவுண்டில் காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று, அடி-பவுண்டில் காட்டும் பெரியது ஒன்று, ஃபீலர் கேஜ், டயல் கேஜ், சர்க்ளிப் பிளையர் ஆகியவை தேவை.

மாற்றுப் பாகங்களுக்காக அலைய வேண்டியதில்லை. இரண்டே வேகம் கொண்ட இந்தப் பெட்டியை அமெரிக்காவின் டிராக் ரேஸ்காரர்கள் இன்றுவரை விரும்பிப் பயன்படுத்துவதால் கிளட்ச் பிளேட், பேண்ட், சீல், பேக்கிங், ஷாஃப்டைத் தாங்கும் புஷ், வாஷர் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய முழு கிட்டுகள் புதிதாகவே கிடைக்கின்றன. அங்கிருந்து தருவிக்கும்போது பந்தயத்துக்கான கிட் அல்லாமல், சாலை வண்டிக்கான கிட்டையே கேட்க வேண்டும். வண்டியின் ஆண்டையும், எஞ்சின் ஆறு சிலிண்டரா எட்டா என்பதையும், முடிந்தால் பெட்டியைத் திறந்த பின் எண்ணிய கிளட்ச் பிளேட்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுங்க வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் அளவு கொடுத்து வெளிப்புற ஆயில் சீல்கள் வாங்கிவிடலாம். ஆனால் உள் பிஸ்டன்களின் உதட்டுச் சீல்களுக்கு அளவு ஒத்த ஏதோ ஒன்றைப் போடுவது சரியாகாது.

பெட்டியை இறக்குதல்

பேட்டரியின் எர்த்தைக் கழற்றிய பிறகு, வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இந்த எடைக்கு ஆகாதவை. அவை எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும், அடியில் படுத்திருப்பவர் எழ முடியாது.

முதல் வேலை எண்ணெயை வடிப்பது. பேனைக் கழற்றினால் இரண்டு லிட்டரை ஒட்டித்தான் வரும். கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் இருப்பதைச் சேர்த்தால் மொத்தம் ஒன்பது லிட்டர் அளவுக்கு இருக்கும். வடித்த எண்ணெயை மூடியுள்ள கேன்களில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். மழைநீர்க் கால்வாயில் ஊற்றிய எதுவும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கும்தான் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் அந்தக் கழிமுகத்தையும் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் என்ன செய்தது என்பதைப் பார்த்த ஊர் இது.

பேனின் அடியில் படிந்திருப்பதைத் துடைத்துவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் வழித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். கறுப்பான மெல்லிய பொடி கிளட்ச், பேண்டுகளின் உராய்வுப் பொருள். கொஞ்சம் இருப்பது இயல்பு. தங்க நிறத்தில் மின்னும் தூள் வெண்கலப் புஷ்களும் வாஷர்களும் தேய்வதைக் காட்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் பம்ப் கியரோ பிளானட்டரி கியரோ அரைபடுவதற்கு அடையாளம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் சீவல் அலுமினியம். அது வந்தால் கூட்டையும் பம்ப் உடலையும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

பிறகு பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் பிராபலர் ஷாஃப்ட், ஸ்பீடாமீட்டர் கேபிள், மாடுலேட்டர் குழாய், கூலர் குழாய்கள், கியர் இணைப்புகள் என்று கழற்றி, கன்வெர்ட்டரும் எஞ்சினின் பின்முனைத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டும் சேரும் இடத்தில் சென்டர் பஞ்சால் அடையாளம் வைத்து, அவற்றை இணைக்கும் போல்ட்டுகளை நீக்க வேண்டும். எஞ்சினின் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே குறுக்குச் சட்டத்தைக் கழற்றலாம். கன்வெர்ட்டர் நீங்கலாகவே பெட்டி 45 கிலோவுக்கு நெருக்கமாக இருக்கும். மார்பின் மேல் வாங்கிக்கொள்ளும் வீரம் வேண்டாம். தட்டு வைத்த ஜாக்கியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். பெட்டி பின்னால் நகரும்போது கன்வெர்ட்டர் முன்னால் வழுக்கி விழாமல் ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள்.

பிரித்தல்

வெளிப்புறத்தை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு அழுக்கின் நிழல்கூட இல்லாமல் கழுவிய பிறகுதான் முதல் போல்ட்டில் கை வைக்க வேண்டும். உள்ளே போன பின் பனியன் வேஸ்ட் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. மெக்கானிக் கடைகளில் நம் கை தானாகத் தேடும் பொருள் அது என்றாலும், அதிலிருந்து பிரியும் ஒரு நூலிழை வால்வைப் பாதி வழியில் நிறுத்திவிடும். பஞ்சு உதிராத நைலான் துணியோ அழுத்தக் காற்றோ மட்டுமே வேண்டும். பக்கத்து பஞ்சர் கடையிலிருந்து காற்று எடுப்பதாக இருந்தால், அந்தக் காற்றில் தண்ணீர் கலந்திருக்கும் என்பதால், குழாயின் நடுவே நீர் பிரிப்பான் ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

மாடுலேட்டரைத் திருகி எடுக்கும்போது அதன் பின்னாலிருக்கும் சிறு வால்வு வழுக்கி வெளியே வரும். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின் நீட்சிக் கூட்டைக் கழற்றினால் ஸ்பீடாமீட்டர் கியரும் கவர்னரும் தெரியும். கவர்னரின் ஊடே போகும் மெல்லிய ஷாஃப்டின் முனையில் உள்ள சிறு கிளிப்பை நீக்கி, எடைகளை ஒரு பக்கமும் வால்வை இன்னொரு பக்கமும் எடுத்த பிறகே கவர்னரை ஷாஃப்டிலிருந்து உருவ முடியும். 1966 வரையிலான பெட்டிகளில் இங்கே ஒரு பின்பக்கப் பம்பும் இருக்கும். 1967 முதல் அது இல்லை.

முன்பக்கப் பம்பை நெம்பி எடுக்கக் கூடாது. அலுமினிய முகத்தில் ஸ்குரூ டிரைவரின் ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் கசியும். பம்பின் முகத்தில் இதற்காகவே மரை போட்ட இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் நீளப் போல்ட்டுகளை ஏற்றி, சறுக்குச் சுத்தியலால் (கம்பியில் சறுக்கும் எடையை அடித்து இழுக்கும் கருவி) இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் பம்ப் நேராக வரும். சறுக்குச் சுத்தியலை எந்த லேத்துப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். பம்ப் வந்ததும் பேண்டின் திருகைத் தளர்த்தி, உள் ஷாஃப்டையும் கிளட்ச் டிரம்மையும் சேர்த்து முன்னால் உருவி, பேண்டையும் அதன் முட்டுத் துண்டுகளையும் எடுக்க வேண்டும். அடுத்து பிளானட்டரியும் வெளி ஷாஃப்டும் ஒரே துண்டாக வரும். கடைசியில் வளையக் கியர், பெரிய சர்க்ளிப், ரிவர்ஸ் பிளேட்டுகள். ஒவ்வொரு வாஷரும் எந்த இரண்டு பாகங்களுக்கு நடுவே, எந்த முகம் முன்னால் பார்க்க இருந்தது என்பதைச் செல்போனில் படம் பிடித்து, பைமேலும் எழுதுங்கள்.

ரிவர்ஸ் பிஸ்டனை வெளியே எடுக்கத்தான் வீட்டில் வேலை செய்பவர்கள் திணறுவார்கள். பிஸ்டனின் மேல் சுருள் வில்கள் வட்டமாக நின்று, ஒரு தட்டும் சர்க்ளிப்பும் அவற்றை அமுக்கிப் பிடித்திருக்கும். கூட்டின் பின் துளை வழியே ஒரு நீண்ட மரைக்கம்பியைச் செலுத்தி, இரு முனையிலும் தடித்த இரும்புத் தகடும் நட்டும் வைத்துச் சீராக இறுக்கினால் தட்டு அமுங்கி சர்க்ளிப் தளர்ந்துவிடும். முகத்தை நேர் எதிரே வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். வலப்பக்கத்துச் சர்வோ மூடிக்குப் பின்னாலும் வில் இருக்கிறது. அதையும் அமுக்கிப் பிடித்தே போல்ட்டுகளை நீக்க வேண்டும்.

தண்ணீர் புகுந்த பெட்டி

வெள்ளத்தில் நின்ற வண்டியிலும், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையான வண்டியிலும் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் ரோஸ்மில்க் போல வரும். எண்ணெயை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள் எஃகில் பசை கொண்டு ஒட்டப்பட்டது. தண்ணீர் அந்தப் பிடிப்பைக் கெடுக்கும். பிளேட்டின் ஓரத்தில் நகத்தை வைத்துக் கீறினால் உராய்வுப் பொருள் ஊறிய அட்டையைப் போலத் தகடு தகடாக உரியும். பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அத்தகைய பிளேட்டுகள் முழுவதையும் பேண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

இந்த நிலையில்தான் வால்வு பாடியையும் முழுதாகப் பிரிக்க வேண்டும். மற்ற பெட்டிகளில், வால்வுகள் தடையின்றி நகர்ந்தால், மேலும் கீழுமாக இருக்கும் இரு பாதிகளைப் பிரித்துக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் கண்ட பெட்டியில் ஒவ்வொரு வால்வையும் அதன் வில்லையும் உருவி, ஓர் அட்டையில் துளைகளின் படத்தை வரைந்து அதன் மேல் வரிசையாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரே வால்வைக் கழுவித் திரும்பப் போட வேண்டும். எண்ணெய் தடவிய வால்வு அதன் துளையில் தன் எடையாலேயே சறுக்கி இறங்க வேண்டும், அதுதான் சோதனை. இறங்கவில்லையென்று எமெரித் தாளால் தேய்க்காதீர்கள். வால்வின் ஓரங்கள் கூர்மையாக இருப்பதால்தான் அழுக்கு உள்ளே நுழையாமல் வெட்டித் தள்ளப்படுகிறது. அந்த ஓரம் மழுங்கினால் வால்வு மறுபடி மறுபடி சிக்கும்.

கன்வெர்ட்டர் பற்ற வைத்து மூடப்பட்டது. வீட்டில் திறக்க முடியாது. தண்ணீர் போயிருந்தாலோ இரும்புத் துகள் பேனில் வந்திருந்தாலோ புதுப்பித்த கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவிடுவதே என் உறுதியான கருத்து. பெட்டிக்காக இத்தனை உழைத்துவிட்டு, பழைய அழுக்கை முதல் சுற்றிலேயே அதற்குள் திரும்ப அனுப்புவதில் பொருளில்லை. கூலரையும் அதன் குழாய்களையும் இரு திசையிலும் அலசி, காற்றடித்து, ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, கூலருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேய்மானத்தைப் பார்த்தல்

எஃகு பிளேட்டுகளில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தாலும், கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் ஆடினாலும் அவற்றை மாற்ற வேண்டும். டிரம்மில் பேண்ட் ஓடும் வெளிமுகம் கைவிரலுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். டிரம்மின் முகத்தில் அடைபட்டிருக்கும் சிறு குண்டு குலுக்கினால் ஆடுகிறதா, அதன் துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது சிக்கினால் புதிய பிளேட்டுகளும் நியூட்ரலில் உராய்ந்து கருகும்.

புஷ்களை அடித்து இறக்குவதற்கு அவற்றின் உள்விட்டத்துக்கும் வெளிவிட்டத்துக்கும் ஏற்பப் படி வைத்த இரும்பு உருளை வேண்டும். இதற்கு நம் பகுதியைப் போல வசதியான இடம் குறைவு. அசோக் லேலண்டுக்கும் மற்ற ஆலைகளுக்கும் பாகம் செய்து பழகிய டர்னர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். பழைய புஷ்ஷையே எடுத்துப் போய்க் காட்டினால், "எத்தனை தவ் குறைக்கணும் தம்பி?" என்று கேட்டு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்து தருவார்கள். பம்ப் புஷ்ஷைப் பொருத்துவதில் சந்தேகம் இருந்தால் அந்த ஒரு வேலையை அவர்களிடமே விடலாம்.

கோத்தல்

புதிய உராய்வு பிளேட்டுகளைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆட்டோமேட்டிக் பெட்டிக்குரிய டெக்ஸ்ரான் 3 எண்ணெயில் ஊற வைக்க வேண்டும். வாஷர்களை அவற்றின் இடத்தில் ஒட்டி நிறுத்த வெள்ளை வாசலின் தடவுங்கள். வீல் கிரீஸ் எண்ணெயில் கரையாமல் துளைகளை அடைக்கும்.

பிஸ்டன் சீல்களின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். திரும்பிப் போட்டால் பெட்டி ஓடவே ஓடாது. பிஸ்டனை உள்ளே இறக்கும்போது அந்த உதடு மடங்கிக் கிழிவதுதான் வீட்டு வேலையில் அடிக்கடி நேரும் பழுது. இதற்கு ஒரு சிறு கருவி செய்துகொள்ளலாம்: மெல்லிய செப்புக் குழாயில் கிதாரின் மெல்லிய எஃகுக் கம்பியை வளையமாக நுழைத்து, குழாயை நசுக்கி இறுக்கிவிட வேண்டும். சீலிலும் டிரம்மிலும் எண்ணெய் தடவி, பிஸ்டனைச் சமமாக வைத்து, அந்தக் கம்பி வளையத்தால் உதட்டைச் சுற்றிலும் உள்ளே வருடிவிட்டபடி லேசாகச் சுழற்றி அழுத்தினால், ஒரு கட்டத்தில் எந்த வலுவும் இல்லாமல் பிஸ்டன் அமர்ந்துவிடும். வலு கொடுக்க வேண்டியிருந்தால் எங்கோ மடங்கியிருக்கிறது; வெளியே எடுத்துப் பாருங்கள்.

ரிவர்ஸ் பிஸ்டன், வில்கள், பிளேட்டுகள், வளையக் கியர், பிளானட்டரி, சர்வோ, பேண்ட், டிரம், பம்ப் என்று பிரித்ததற்குத் தலைகீழ் வரிசையில் வேலை நகரும். டிரம்மை இறக்கும்போது உள் பற்கள் ஒவ்வொரு பிளேட்டிலும் தனித்தனியே சிக்க வேண்டியிருப்பதால் இடமும் வலமும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பை 15 அடி-பவுண்டில் இறுக்கிய பின், டயல் கேஜ் வைத்து உள் ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை அளக்க வேண்டும். அது 0.028 முதல் 0.059 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்புக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள வாஷரை வேறு தடிமனில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு போல்ட்டை இறுக்கிய பின்னும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

வால்வு பாடியைப் பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை. சுமார் 40 பவுண்டு உலர்ந்த காற்றைச் சர்வோ, முன் கிளட்ச், ரிவர்ஸ் கிளட்ச் துளைகளில் ஒவ்வொன்றாகச் செலுத்தினால் பிஸ்டன் நகர்ந்து அமரும் 'டப்' என்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். தொடர்ந்து சீறல் மட்டும் கேட்டால் சீல் கிழிந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் கண்டுபிடிப்பதைவிட மேசை மேல் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

பேண்டின் திருகை 70 அங்குல-பவுண்டு வரை இறுக்கி, புதிய பேண்டாக இருப்பதால் சரியாக மூன்று முழுச் சுற்று தளர்த்தி, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை 15 அடி-பவுண்டில் இறுக்குங்கள். பேனின் போல்ட்டுகளுக்கு 8 அடி-பவுண்டே போதும். ஒழுகிவிடுமோ என்ற கவலையில் கூடுதலாக இறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து உண்மையிலேயே ஒழுகும்.

ஏற்றுதலும் எண்ணெய் ஊற்றுதலும்

கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, பெட்டியின் முன்பக்கத்தில் வைத்து, உள்ளே தள்ளியபடி சுற்ற வேண்டும். ஸ்டேட்டர் ஷாஃப்ட், உள் ஷாஃப்ட், பம்ப் கியர் ஆகியவற்றில் அது படிப்படியாக இறங்கி அமர்வதைக் கை உணரும். பெட்டியை எஞ்சினோடு சேர்த்து இறுக்கிய பிறகும், இன்னும் போல்ட் போடாத கன்வெர்ட்டர் ஃப்ளெக்ஸ் பிளேட்டிலிருந்து மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் விலகிக் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றாமல், பெட்டியும் எஞ்சினும் சேர மறுத்து இடைவெளி விட்டு நின்றால், போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்கவே கூடாது. அந்த இழுப்பில் புதிய பம்ப் உடைந்துவிடும். திரும்பப் பின்னால் இழுத்துக் கன்வெர்ட்டரை அமர்த்துங்கள். சரியாக அமர்ந்த பின் அதன் போல்ட்டுகளை 35 அடி-பவுண்டில் இறுக்கலாம்.

முதலில் நான்கு லிட்டர் எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மெல்லிய ஓட்டத்தில் விட்டுக்கொண்டே மேலும் ஊற்ற வேண்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டு சென்று சில விநாடி நிறுத்திவிட்டு, கை பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். எண்ணெய் சூடானதும் விரிவடையும் என்பதால் குளிர்ந்த நிலையில் முழு அளவு வரை நிரப்பிவிடாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் சுழலும் கியர்கள் அதை நுரைக்கச் செய்து அழுத்தம் குறையும்.

முதல் ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை விடியலில், துறைமுக லாரிகள் குறைந்த தெருக்களில் வைத்துக்கொள்ளுங்கள். மிதமான ஆக்சிலேட்டரில் லோவிலிருந்து ஹைக்குப் பல முறை மாறட்டும். மாறும் இடம் மிகத் தாமதமானால் மாடுலேட்டர் குழாயையும், உதைத்து மாறினால் பேண்டின் சரிகட்டலையும் மறுபடி பாருங்கள். மணலி, மாதவரம் பக்கத்து நெரிசலில் மே மாத வெயிலில் மணிக்கணக்கில் நின்று நகரும் வண்டிக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் ஒன்றைச் சேர்த்துவிடுவது நல்லது. 80 டிகிரி அளவில் நெடுங்காலம் இருக்கும் இந்த எண்ணெய், 120 டிகிரியைத் தாண்டி ஓடினால் விரைவிலேயே கருகி, சீல்களையும் கெட்டியாக்கிவிடும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பேனை ஒருமுறை இறக்கி, புதிய பிளேட்டுகளின் முதல் பொடியைத் துடைத்து, பேக்கிங்கை மாற்றி எண்ணெயைச் சரிசெய்யுங்கள். ஆறாயிரம் மைல், அதாவது ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர் கடந்த பின் பேண்டை மறுபடி 70 அங்குல-பவுண்டுக்கு இறுக்கி, இம்முறை நான்கு சுற்று தளர்த்த வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால், 1966 வரையிலான பெட்டியாக இருந்தால் பின்பக்கப் பம்ப் இருப்பதால் இன்னொரு வண்டியால் வேகமாகத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும். 1967-க்குப் பிந்தைய பெட்டியில் அது முடியாது. பின் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வதானால் எஞ்சின் ஓடாத பெட்டிக்குள் முன்பக்கப் பம்ப் எண்ணெய் அனுப்பாது என்பதால், பிராபலர் ஷாஃப்டைக் கழற்றிய பிறகே கயிறு கட்ட வேண்டும்.